காப்புக் கட்டிய வாரத்தில் களவா மீன்

கையில் காப்புக் கட்டி விரதம் தொடங்கியிருந்த வாரத்தில்தான் பங்களாவிலிருந்து களவா மீன் கேட்டார்கள்.

எங்கள் தீவின் சவான் கடற்கரையில், கரும்புத் தோட்டத்துச் சர்க்கரை மூட்டைகளைப் படகில் ஏற்றுவதற்குக் கடலுக்குள் நீண்ட ஒரு மரப்பாலம் இருந்தது. அதிலிருந்து மீன் பிடித்துப் பங்களாச் சமையலுக்குக் கொடுப்பது என் வேலை. பங்களாவில் இருக்கும் தோட்டத்து மேலாளரை மிசே என்போம்; கத்தோலிக்கர். வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் இறைச்சி கிடையாது, மீன் கட்டாயம். எனக்கு முன் இருந்தவர் இரண்டு வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு போனதால் மறுபடி கரும்பு வெட்ட அனுப்பப்பட்டார். வேலையோடு கொடுத்திருந்த, பாலத்தருகே இருந்த வீட்டையும் இழந்தார்.

அந்த வீட்டில்தான் என் மனைவி காய்ச்சலில் மாதக்கணக்காகக் கிடந்தாள். குணமானால் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். குணமானாள். காவடி முடியும்வரை மீனைத் தின்பது மட்டுமல்ல, தொடுவதும் கூடாது. தொட்டால் காய்ச்சல் திரும்பிவிடுமோ என்று பயம். மிசேயிடம் போய்ச் சொல்லவும் பயம். பேசாமல் இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை சமையல்காரர் சூசை பாலத்துக்கு வந்தார். பாண்டிச்சேரி வம்சம், கிறிஸ்தவர்.

"விருந்தாளி வர்றாங்க. களவா எங்கே?"

மணிக்கட்டைக் காட்டினேன்.

"அடப்பாவி, இதை இன்னிக்கா காட்டுவ? உங்க முருகன் வந்து தூண்டில் போடுவாரா?"

"நீங்க போடுங்க அண்ணே. எப்படின்னு நான் சொல்றேன்."

"மீனை அறுத்துத்தான் எனக்குப் பழக்கம். சரி, சொல்லு."

பாலத்தில் நின்று சொல்வதும் மீன் பிடிப்பதில் சேருமோ என்று சந்தேகம். அவரைக் கரை மணலுக்குக் கூட்டிவந்து சொன்னேன். தண்ணீரில் தொங்கும் பிரம்புக் கூடையில் இரைக்கான மடவைக் குஞ்சுகள் உயிரோடு இருக்கும். ஒன்றை எடுத்து, முதுகுத் துடுப்புக்குப் பின்னால் தோலில் மட்டும் தூண்டில் முள்ளை ஏற்ற வேண்டும். எலும்பில் பட்டால் செத்துவிடும். செத்த இரையைப் பெரிய களவா அநேகமாகச் சீண்டாது. பாலத்துத் தூணை ஒட்டி இறக்க வேண்டும். கடித்ததும் அடியில் உள்ள பாறைப் பொந்துக்குள் ஓடப் பார்க்கும். விடாமல் இழுக்க வேண்டும். பொந்துக்குள் போய்விட்டால் மட்டும் இழுக்கக் கூடாது; கயிற்றைத் தளர்த்திவிட்டுக் காத்திருந்தால் தானே வெளியே வரும்.

அவர் போனார். நான் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது.

"கடிச்சிருச்சு... பொந்துல பூந்துக்கிச்சு. டேய், என்ன செய்ய?"

நான் திரும்பவில்லை; இப்போது பதில் சொன்னால் நானே பிடித்ததாகிவிடுமே.

"அடுப்புல பருப்பு கிடக்குடா, எவ்வளவு நேரம் நிக்கிறது?"

காத்திருக்காமல் இழுத்திருக்கிறார். அறுந்த கயிற்றோடு அவர் கரைக்கு வந்தார்.

"வா, ரெண்டு பேருமா போய் நிப்போம். தனியா என்னால திட்டு வாங்க முடியாது."

மிசே தாழ்வாரத்தில் இருந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளுக்குப் பிறகு அவரிடம் நான் பேசியதே இல்லை. காப்பைக் காட்டி, காவடி முடியும்வரை மீனைத் தொடமாட்டேன் என்று கிரியோல் மொழியில் சொன்னேன். வேலை போனது என்றே நினைத்தேன்.

அவர் காப்பையே பார்த்தார். "எனக்கும் இன்னிக்கு இறைச்சி கிடையாது" என்றார். "இதைத் திங்கட்கிழமையே சொல்லியிருந்தா, ஆள் அனுப்பி வேற இடத்துல மீன் வாங்கியிருப்பேனே." பிறகு சூசையிடம் திரும்பி, "உப்புமீன் இருக்கா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான்.

காவடி முடிந்த பிறகு வந்த வெள்ளிக்கிழமை அதே தூணருகே இரை இறக்கினேன். கடித்த மீன் பொந்துக்குள் போயிற்று. கயிற்றைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறிய பிறகு வெளியே வந்தது. நல்ல கனமான களவா. கடைவாயில் இன்னொரு முள், சாண் நீளக் கயிற்றோடு.

சூசை அதைக் கழற்றிப் பார்த்தார். "இது நான் புடிச்ச மீனுப்பா. நீ தூக்கிக்கிட்டு வந்திருக்க, அவ்வளவுதான்."

மனைவிக்குக் காய்ச்சல் திரும்பவில்லை. அதன் பிறகு வருஷாவருஷம் காவடி எடுக்கிறேன்; காப்புக் கட்டுவதற்கு முன்பே மிசேயிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன். என்னைப் போலப் பேசக் கூச்சப்படுகிறவர்கள் இந்த வேலைக்கு வந்தால் அப்படியே செய்யட்டும். கூச்சம் அதனால் போகாது. எனக்கு இன்றும் அந்தத் தாழ்வாரத்துப் படி ஏறும்போது உள்ளங்கை வியர்க்கிறது. ஆனால் இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடும்.