சொல்லாமல் விட்ட நம்பர்

ஒரு பச்சை ரிசீவரின் வாசனை எனக்கு இன்னும் மறக்கவில்லை. முகப்பவுடரும் வியர்வையும் கலந்த வாசனை. சண்டைக் காலத்தில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகிற வீதியில் ஒரு கொமினிக்கேசன் கடையில் வேலை பார்த்தேன். வெளிநாட்டுப் பிள்ளைகளோடு கதைக்க வருகிறவர்களுக்கு நம்பர் அடித்துக் கொடுப்பதும், வெளியிலிருந்து வருகிற அழைப்புக்கு உரியவரைக் கூப்பிட்டு விடுவதும் என் வேலை. அரசாங்க லைன் இருந்த கடைகள் அப்போது இரண்டோ மூன்றோதான். சனம் முணுமுணுக்காமல் வரிசையில் நின்றது.

பிறகு தனியார் கம்பனிகளும் போன் கொடுக்கலாம் என்று அரசாங்கம் திறந்துவிட்டது. கம்பியே இல்லாத போனோடு எதிர்ப்பக்கத்தில் ஒரு கடை வந்தது, கட்டணமும் குறைவு. சனம் அங்கே போனது. அதில் என்ன பிழை, நானாக இருந்தாலும் போயிருப்பேன். என்னோடு வேலை செய்த பெண்ணை முதலாளி வேலையிலிருந்து நிற்பாட்டினார். என் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. அடுத்தது நான்தான். கடைசியில் முதலாளியும் புதுக் கம்பனிக்கு மாறினார்.

"ரெண்டு போனும் வச்சிருக்க ஏலாது பிள்ளை. திங்கட்கிழமை பழைய லைனை வெட்டுவாங்கள். வெளியிலயிருந்து எடுக்கிற ஆக்களுக்குப் புது நம்பரைச் சொல்லு. ஆனா நிண்டு கதைக்காத, இஞ்ச நிக்கிற சனம் அங்கால போயிடும்" என்றார்.

வெள்ளிக்கிழமைகளில் மூதூரிலிருந்து ஓர் அம்மா கடல் வழியாக லாஞ்சில் வருவார். ராணுவச் சுற்றிவளைப்புகளுக்குப் பயந்து, காணியை விற்று, ஒரே மகனை வெளிநாட்டுக்கு ஆள் கடத்துகிற ஏஜென்சிக்காரனோடு அனுப்பியிருந்தார். அவன் வழியில் எந்த நாட்டில் நிற்கிறான் என்று அவனுக்கே சரியாகத் தெரியாது. கடிதம் போட விலாசமும் இல்லை. வெள்ளி பத்து மணிக்கு எங்கள் நம்பருக்குப் போன் எடுப்பான். "சாப்பிட்டியா மகன்" என்பதையே அம்மா நாலு தரம் கேட்பார்.

லைன் வெட்டுவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, கடலில் ஏதோ பிரச்சினை என்று நேவி லாஞ்சை விடவில்லை. பத்து மணிக்குப் போன் அடித்தது. வரிசையில் ஆறேழு பேர். ஒருவர் எதிர்க் கடையையே பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி என்னைப் பார்த்தார். "லாஞ்ச் ஓடேல்லை தம்பி, அம்மா வரேல்லை. வாற கிழமை எடுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன். "அம்மா சுகமா இருக்கிறாவோ அக்கா" என்று அவன் கேட்டது, வைக்கிற நேரம்தான் காதில் விழுந்தது. புது நம்பரைச் சொல்லாதது பின்னேரம்தான் நினைவுக்கு வந்தது. அவனைத் திருப்பி எடுக்க வழியில்லை. இன்னும் ஒரு கிழமை லைனை விடச் சொல்லி முதலாளியிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் நான் மறந்தது தெரிந்துவிடும். கேட்கவில்லை.

அடுத்த வெள்ளி அம்மா வந்து மத்தியானம் வரை வாங்குப் பலகையில் இருந்தார். நம்பர் மாறியதைச் சொன்னேன்.

"தம்பிக்குச் சொன்னனீதானே மகள்?"

முதலாளி பக்கத்தில் இருந்தார்.

"ஓம் அம்மா, சொன்னனான்."

பிறகும் பல வெள்ளிகள் வந்தார். ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்ல நினைத்து, அடுத்த ஆளுக்கு நம்பர் அடித்துக் கொடுப்பேன். அடுத்த ஆண்டே முதலாளி கடையைப் பூட்டினார். நான் காப்பாற்றிய வேலை அவ்வளவுதான். இன்று அந்த வீதியில் மீன் விற்கிறவரிடமும் இரண்டு போன் இருக்கிறது. தெரியாத நம்பர் எது வந்தாலும் நான் எடுப்பேன், எந்த நேரமானாலும். பிள்ளைகள் ஏசுவார்கள். அவர்களுக்கும் நான் சொன்னதில்லை.

அம்மா கடைசியாக வந்த அன்று வாங்கில் இருக்கவில்லை. வாழையிலையில் கட்டிய பலகாரப் பொதியை என் மேசையில் வைத்தார். "நம்பர் கையில இருந்தும் எடுக்காம இருக்கிற பிள்ளையில்லை அவன். ஐயரைக் கூப்பிட்டு அவனுக்குச் செய்ய வேண்டிய கிரியையைச் செய்துபோட்டன். நீயும் அவனோட கதைச்சனீதானே மகள், சாப்பிடு" என்றார்.

அவர் பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பிட்டேன்.