ஒரு ஆளைக் கழித்த ஆமீன்

நூகு பாயின் சைக்கிள் கடையில் லெபனான் தொங்கியது. பத்திரிகையில் வந்த வரைபடத்தை அட்டையில் ஒட்டி, காற்றடிக்கும் பம்புக்கு மேலே மாட்டியிருந்தார். பஞ்சர் ரப்பரில் வெட்டிய சிவப்புத் துண்டு இஸ்ரேல் படை. அவர்களோடு வந்து இறங்கிய வெள்ளைக்காரப் பட்டாளங்களுக்கும் அதே சிவப்புதான். பழைய டியூபில் வெட்டிய கறுப்புத் துண்டு, "நம்ம ஆளுங்க". காலையில் ரேடியோ கேட்டு, துண்டுகளை நகர்த்திய பிறகே முதல் சைக்கிளைத் தொடுவார்.

சுரக்குடியிலிருந்து வேலை தேடித் தினமும் காரைக்காலுக்கு மிதித்துவந்த எனக்கு, வீட்டின் முதல் பட்டதாரி என்ற திமிர் இருந்தது.

"லெபனான்ல உங்களுக்கு யாரு பாய் இருக்கா?"

"யாருமில்ல. கலிமா சொன்னவங்க இருக்காங்க. போன மாசம் சிலோனுக்காக ஊர்வலம் போயி, தொண்டை கட்டிப்போயி வந்து நின்னியே தம்பி, அங்க ஒனக்கு யாரு, சித்தப்பனா?"

அவருடையது மதம், என்னுடையது உணர்வு என்று அதுவரை பிரித்து வைத்திருந்தேன். பிரேக் கட்டையை மாற்றச் சொன்னேன்.

அந்த 1983 செப்டம்பரில் அவர் மகன் ஜக்கரியாவின் கடிதம் வந்தது. நூகு பாயின் வாப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். அதனால் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. வயது வந்த பையன் ஒரு வருடம் அங்கே ராணுவத்தில் இருந்தாக வேண்டும். ஜக்கரியாவை பெய்ரூட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"இப்ப அவன் சிவப்பா கறுப்பா, பாய்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தவர் சொன்னார்: "லெபனானுக்கு வந்த அந்நியப் பட்டாளமெல்லாம் அழியணும்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் துஆ கேட்டாரு. எப்பவும் என் ஆமீன்தான் சத்தமா இருக்கும். இன்னைக்கு ஒரு ஆளைக் கழிச்சிட்டு, மெதுவா சொன்னேன்."

"அப்படிக் கழிக்கலாமா?"

"அல்லாவுக்குக் கணக்கு வராதா என்ன?"

அக்டோபரில் பெய்ரூட்டில் பிரெஞ்சு வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்துக்குக் குண்டு வைத்தார்கள். ஐம்பத்தெட்டுப் பேர் போய்விட்டார்கள். நூகு பாய் ரேடியோவைத் துணி சுற்றிப் பரண்மேல் போட்டார். அவர் மனைவி ஆஸியா பீவி தினமும் மதியம் கடைக்கு வந்து தபால்காரருக்காக நின்றார். நான் சைக்கிள் கெடாமலேயே போய் உட்கார்ந்தேன். பதினாறாம் நாள் கடிதம் வந்தது: குண்டு வெடித்ததற்கு முந்தின நாளே அவனைப் பல் பிடுங்க, கடலில் நின்ற பட்டாளக் கப்பலுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

"மிட்டாய் திங்காதேன்னு எவ்வளவு அடிச்சேன்," என்று அழுதார் ஆஸியா பீவி. "நல்லவேளை, கேக்கல."

மறுநாள் படத்தில் பெய்ரூட்டைச் சுற்றி ஒரு துண்டுகூட இல்லை. சிவப்பு, கறுப்பு இரண்டையும் பிய்த்திருந்தார்.

"யாரு பாய் ஜெயிக்கிறா?" என்று யாராவது கேட்டால், "சண்டை நின்னுபோச்சுங்க," என்பார்.

"ரேடியோவுல நேத்துகூட குண்டு விழுந்துச்சுன்னானே?"

"ரேடியோவுக்கு என்ன தெரியும்?"

நாலு மாதத்துக்கு மேல் அப்படியே இருந்தது, உலகத்தில் வேறெவரும் அறியாத அந்தப் போர்நிறுத்தம். மார்ச்சில் ஜக்கரியா பட்டாளத்தை முடித்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தான். அடுத்த நாள் காலை நான் போனபோது நூகு பாய் ரேடியோவின் தூசியைத் துடைத்து வைத்துவிட்டு, பழைய டியூபில் கறுப்புத் துண்டுகள் வெட்டிக்கொண்டிருந்தார்.