விடுப்புக் கடிதத்தில் ஒரு திருத்தம்

ஃபார்மல் லெட்டர் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு ஒரு பெரிய தைரியம் உண்டு: வகுப்பில் எழுதுகிற எந்தக் கடிதமும் தபாலில் போகாது. அனுப்புகிறவர் பெயர் மூன்று எக்ஸ், பெறுகிறவர் பெயர் மூன்று ஒய். இல்லாத ஊரிலிருந்து இல்லாத அதிகாரிக்கு எழுதி, பத்துக்கு எட்டு மார்க் வாங்கிவிட்டு எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம்.

சங்கரன்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினான்கு வருஷமாக நான் இந்தப் பிழைப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தைரியம் எப்படிப் போனது என்று சொல்கிறேன். இதே செக்கில் சுற்றுகிற ஆங்கில ஆசிரியர்களே, என் பயம் உங்களுக்குப் புரியும்.

ஸ்மார்ட் ரூமில்

கடிதம் போதாதென்று பாடத்தில் ஈமெயிலும் வந்தது. அதுவரை ஈமெயிலில் நான் எழுதியதெல்லாம் 'அட்டாச்மென்ட் பார்க்கவும்' என்ற ஒரு வரிதான். ஆனாலும் ப்ளஸ் ஒன் பிள்ளைகளை ஸ்மார்ட் ரூமுக்குக் கூட்டிப்போய், என் சொந்த மெயிலைத் திரையில் திறந்து காட்டினேன். பார்ப்பதற்கு நிஜமாக இருக்கட்டும் என்று எங்கள் ஹெச்.எம். முகவரியைப் போட்டு, ஆசிரியைகள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை என்று ஒரு புகாரும் அடித்தேன். விளக்கி முடித்ததும் அழித்துவிடலாம் என்பது திட்டம். கை வழுக்கியது. 'அனுப்பப்பட்டது' என்று திரையில் பெரிதாக வந்தது.

எங்கள் ஹெச்.எம். வராண்டாவில் நடந்து வந்தால் செருப்புச் சத்தத்திலேயே வகுப்புகள் வரிசையாக அடங்கும். அடுத்த இரண்டு பீரியடும் நான் என்ன நடத்தினேன் என்று எனக்கே தெரியாது. மூன்றாவது பீரியடில் கூப்பிட்டு அனுப்பினார். உள்ளே போய் நின்றேன். போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "தாழ்ப்பாள் போட ஆள் வரச் சொல்லிட்டேன். ஆனா 'ஸ்டாஃப் டாய்லெட்'டுக்கு முன்னால 'தி' எங்க போச்சு டீச்சர்?"

சைக்கிள் திருட்டு

காணாமல் போன சைக்கிளைப் பற்றி இன்ஸ்பெக்டருக்குக் கடிதம். எல்லா வருஷமும் வருகிற கேள்விதான். ஒரு பிள்ளை மட்டும் இன்னார் மீது சந்தேகம் என்று பக்கத்து வீட்டுக்காரர் பெயரை முழுசாக எழுதியிருந்தாள். இலக்கணம் சுத்தமாக இருந்தது. பத்துக்குப் பத்து போட்டு, 'வெரி குட்' என்றும் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் பள்ளிக்கு வந்துவிட்டார். விசைத்தறி ஓட்டுகிறவர். சட்டையெல்லாம் பஞ்சு, கையில் அந்த நோட்டு. கோபமாக வந்திருக்கிறார் என்று நினைத்து நான் மேஜைக்குப் பின்னாலேயே நின்றுகொண்டேன். பார்த்தால் அவர் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, "போலீசு எப்ப வரும் டீச்சர்?" என்று கேட்டார். இது பயிற்சி, சைக்கிளே கிடையாது, போலீசுக்குப் போகாது என்று மூன்று விதமாகச் சொன்னேன். அவர் அந்தச் சிவப்புப் பத்தின் மேல் விரலை வைத்தார். "முழு மார்க்கு போட்டிருக்கியளே டீச்சர், அப்ப நெசம்னுதானே அர்த்தம்?"

சிவப்பு மை

அடுத்தது விடுப்புக் கடிதம். எல்லாரும் காய்ச்சல் என்று எழுதினால் படிக்கிற எனக்குக் காய்ச்சல் வந்துவிடும், அவரவர் சொந்தக் காரணம் எழுதுங்கள் என்று சொல்லியிருந்தேன். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற கோமதி, கேட்டால் மட்டும் பதில் சொல்கிற பிள்ளை. வருகிற வெள்ளிக்கிழமை என் திருமணம் நடக்க இருப்பதால் மூன்று நாள் விடுப்பு வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். 'மை மேரேஜ்'.

எனக்குச் சிரிப்பு வந்தது. 'மை'க்குப் பக்கத்தில் மேலே ஒரு குறி போட்டு, 'சிஸ்டர்ஸ்' என்று சிவப்பு மையில் சேர்த்தேன். ஓரத்தில் 'கவனக்குறைவு' என்றும் எழுதி, ஒரு மார்க் குறைத்தேன். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அவள் நோட்டோடு ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். மார்க் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நோட்டைத் திறந்து, நான் சேர்த்த வார்த்தையைக் காட்டினாள். "எனக்கு அக்கா கெடையாது டீச்சர்."

பெயர் போடுகிற இடம்

கோமதிக்குப் பதினாறு வயது. அப்பா இல்லை. தாய்மாமன் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம், மாப்பிள்ளை அவர் மகன். "வேண்டாம்னு அம்மாகிட்ட சொன்னேன் டீச்சர், அம்மா அழுதா. அதுக்கு மேல யாருட்ட சொல்லணும்னு தெரியல. லெட்டர்ல எழுதினா நீங்க படிப்பியல்லான்னு எழுதினேன்" என்றாள். நான் படித்த லட்சணம் நோட்டில் சிவப்பாகக் கிடந்தது.

அன்று திங்கட்கிழமை. விஷயத்தைச் சொன்னதும் ஹெச்.எம். தன் அறையைச் சாத்திவிட்டு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரிக்கு மெயில் எழுதச் சொன்னார். எத்தனை ஆயிரம் கடிதம் திருத்தியவள் நான்! 'ரெஸ்பெக்டட் சார்' என்று அடித்துவிட்டு அடுத்த வரி ஓடாமல் ஆறு தடவை அழித்தேன். கோமதியின் ஊர்க்காரர்கள் தினமும் இந்த பஸ் ஸ்டாண்டுக்குத்தான் வருகிறார்கள், நானும் அங்கேதான் பஸ் ஏறுகிறேன். கடைசியில் எழுதி முடித்துவிட்டு, பெயர் இல்லாமல் அனுப்பினால் என்ன என்று மெதுவாகக் கேட்டேன். ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றினார். பேர் இல்லாத புகாரை எவன் மதிப்பான் என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. "எனக்கும் பயமாத்தான் இருக்கு டீச்சர். என் பேரை மேல போடுங்க, உங்க பேரு கீழ இருக்கட்டும்."

மோட்டார் சைக்கிள்

புதன்கிழமை அதிகாரிகள் போய், கல்யாணத்தை நிறுத்தி எழுதி வாங்கினார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளி விட்டு வெளியே வந்தால், கேட்டுக்கு எதிரே ஒருவர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார். கோமதியின் மாமா என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. ஓடவும் முடியவில்லை, உள்ளே திரும்பவும் முடியவில்லை. குடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன், என்னவோ அதை வைத்து அடிக்கப்போகிறவள் மாதிரி.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "பந்தக்கால் நட்ட வீடு டீச்சர். ஊர்ல நான் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்?" என்றார். அவள் படிக்கிற பிள்ளை, இன்னும் வயசாகவில்லை என்று சொன்னேன். அவர் வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "நிறுத்திட்டிய, சரி. இனி அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் வருதான்னு பாப்போம்."

வருகைப் பதிவேடு

மறுநாள் கோமதி வரவில்லை. திங்கள், செவ்வாய், வரவில்லை. தினமும் காலையில் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவேன். பிள்ளைகளும் வாசலைப் பார்ப்பார்கள். வேறு ஊருக்குக் கூட்டிப்போய் ஏதாவது கோயிலில் வைத்துத் தாலி கட்டியிருப்பார்களோ என்று நினைத்துக்கொண்டே அடுத்த பெயரைக் கூப்பிடுவேன். அதிகாரிக்குப் போன் போட்டோம். போய்ப் பார்த்தோம், பிள்ளை வீட்டில்தான் இருக்கிறாள், மறுபடியும் பேசுகிறோம் என்றார்கள். என் மெயிலால்தான் படிப்பும் போனதோ என்ற நினைப்பு சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் வந்தது. பஸ் ஏறுகிற இடத்தை மாற்றிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து, முதல் பீரியட் பாதியில் வாசலில் யூனிஃபார்ம் தெரிந்தது. கோமதிதான். மெலிந்திருந்தாள். பின்னால் அவள் அம்மா, வேர்க்க விறுவிறுக்க, நடந்தே வந்தவள் போல. கோமதி ஒரு தாளை நீட்டினாள். பத்து நாள் விடுப்புக்கான கடிதம், ஆங்கிலத்தில். நான் பேனாவைத் தொடவே இல்லை. அம்மா என் பக்கத்தில் வந்து, முந்தானையில் பெருவிரலைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "எங்க அண்ணனுக்குத் தெரியாமத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன். எனக்குக் கையெழுத்துப் போட வராது, ரேகை வச்சா செல்லுமா டீச்சர்?"

இத்தனை வருஷத்தில் இந்தத் தொழிலில் முன்னேறினாயா என்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் கமாவுக்கும் ஃபுல்ஸ்டாப்புக்கும் பயந்துகொண்டிருந்தேன், இப்போது உருப்படியான விஷயங்களுக்குப் பயப்படுகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும்.