இருநூற்று ஐம்பத்தொரு டாலர்

ஒஹாயோவில் பேசிய தொகைக்கு மேல் ஒரு டாலர் கொடுத்தால், கணக்குத் தெரியாதவள் என்று நினைத்துவிடுகிறார்கள். நான் ஆய்வகத்திலிருந்து திரும்பும்வரை என் மகள் மீனாவைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு மார்த்தாவுக்கு மாதம் இருநூற்றைம்பது டாலர். நான் இருநூற்று ஐம்பத்தொன்றுக்குத்தான் காசோலை எழுதுவேன். ராஜபாளையத்தை அடுத்த சோழபுரத்தில், மொய் எழுத ஒற்றை ரூபாய் கிடைக்காமல் கல்யாணப் பந்தலையே சல்லடை போட்டுச் சலித்தவர் என் அப்பா. பிள்ளை காரியத்தில் சைபரில் முடிக்க எனக்கு மட்டும் கை வருமா? "குழந்தை நன்றாக வளர" என்றேன் மார்த்தாவிடம். அவர் அதை மீனாவின் சேமிப்பென்று எடுத்துக்கொண்டு, மாதம் ஒரு டாலரை ஜாடியில் போட்டுவந்தார்.

சென்ற மார்ச்சில் வருமான வரிக்கு இன்னும் அறுநூறு டாலர் கட்ட வேண்டும் என்று வந்தது. ஊருக்குப் போக வைத்திருந்த பணத்தில் அது போனால் பயணம் இல்லை. மீனாவுக்கு ஐந்து வயதாகியும் காது குத்தவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் தோடு வாங்கி வைத்திருந்த என் அண்ணன் போனில் கேட்டான்: "ஏட்டி, எப்பத்தான் வாரீய? பிள்ளை வளந்து எம் மடியே கொள்ளாது போலிருக்கே."

நூலகத்தில் இலவசமாக வரிப்படிவம் நிரப்பித் தரும் பெரியவர், "நீங்களும் கணவரும் வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்டார். அதற்கென்றே ஒரு டாக்ஸ் கிரெடிட் இருக்கிறதாம். சாதாரணக் கழிவு வருமானத்தைக் குறைக்கும். கிரெடிட் கட்டவேண்டிய வரியையே குறைக்கும். எங்கள் வருமானத்துக்குச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு. மூவாயிரத்துக்கு அறுநூறு! ஆனால் மார்த்தாவின் ரசீதில் மூவாயிரம், என் காசோலைகளில் மூவாயிரத்துப் பன்னிரண்டு. "இந்தப் பன்னிரண்டு எதற்கு?" என்றார். என் வீம்பே பிள்ளையின் காதணிக்கு உலை வைத்ததோ என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

போன் செய்ததும் மார்த்தா ஜாடியோடு நூலகத்துக்கே வந்து நின்றார். "அது குழந்தையுடையது. என் கூலி மூவாயிரம்தான்." பெரியவர் சிரித்துவிட்டார். ஒரு குழந்தைக்கு உச்சவரம்பும் மூவாயிரம்தானாம். பன்னிரண்டை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டார். பாக்கி வரி பூஜ்யம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சைபரைப் பார்த்துக் கும்பிட்டேன்.

ஜூனில், ஸ்ரீவில்லிபுத்தூரில், அண்ணன் மடி மீனாவைத் தாராளமாகக் கொண்டது. காது குத்திய ஆசாரிக்குத் தட்டில் ஐந்நூறு ரூபாய் வைத்தேன். ஒற்றை ரூபாய் யாரிடமும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே மீனா ஊருக்குக் கூடவே கொண்டுவந்திருந்த தன் ஜாடியிலிருந்து ஒரு டாலரை எடுத்து மேலே வைத்தாள்.

ஆசாரி நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு, எடுத்துக்கோங்க" என்றேன்.