தலை திரும்பினால் கூடவே திரும்பும் நகரம்

டொரொன்டோவில் எங்கள் குடியிருப்பை ஒட்டிய சந்தியில், பச்சை விளக்கு விழுந்ததும் ஓர் இயந்திரக் குயில் கூவும். பார்வையற்றவர்கள் தெருவைக் கடப்பதற்காகப் பொருத்தியது. பல வருடம் அந்த வழியே போய்வந்தும் அது என் காதில் விழுந்ததில்லை. அக்கா வந்த பிறகுதான் விழுந்தது. அக்கா கண்டிக்கே திரும்பிவிட்டாள். குயிலுக்கு அது தெரியாது. அது கூவும்போதெல்லாம் கால் தயங்கி, ஒரு பச்சையைத் தவறவிட்டு நிற்கிறேன்.

அக்காவுக்குச் சிறுவயதிலேயே பார்வை போயிற்று. கண்டியில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஒபரேட்டராக இருந்தவள். அம்மாவும் போனபின் பிறந்த வீட்டில் மிச்சம் நாங்கள் இருவர்தான். டொரொன்டோவில் என்னோடும் என் பிள்ளைகளோடும் வந்து இருந்துவிடு என்றேன். “நான் வந்துருவேன். கண்டிய என்ன பண்றது?” என்றாள். அதையும் கொண்டுபோவோம் என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒலிப்பதிவுக் கருவியோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் நடந்தேன். எங்கே நிற்பது என்று அவள் சொன்னாள். கூட்ஸ்ஷெட் பஸ் நிலையத்தில் “தெல்தோட்ட, தெல்தோட்ட” என்று ஊர்ப்பேரை இழுக்கும் கொண்டக்டர். பன்வில பஸ்ஸின் இருமல். பாண் ரொட்டி விற்கும் த்ரீவீலரின் சங்கீதம். மார்க்கெட் கூரைக்குக் கீழே குரல்கள் சட்டென்று தடிக்கும் இடம். துணிக்கடைக்கார நானா சீத்தைத் துணியை நேர்கோடாய்க் கிழித்துவிட்டுக் கேட்டார்: “என்ன தங்கச்சி, தம்பி ரேடியோவுக்கா புடிக்கிறார்? அப்ப எங்கட கடைப் பேரையும் சேத்துச் சொல்லச் சொல்லுங்க.” பெரிய அட்டையில் தெருக்களுக்கு நூலும், சத்தம் பிடித்த இடங்களுக்குச் சட்டைப் பொத்தானும் ஒட்டினேன். அக்கா விரலால் ஊரைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள்.

டொரொன்டோவில் முதல் பனி விழுந்த காலையில் வாசலில் போய் நின்றவள், “சத்தமெல்லாம் எங்கடா போச்சு?” என்றாள். பனி அத்தனையையும் விழுங்கியிருந்தது. இன்னொரு நாள் சந்தியில் சும்மா குயிலைக் கேட்டபடி நின்றவளை, ஒரு வெள்ளைக்கார அம்மா அன்போடு கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் சேர்த்துவிட்டாள். அக்காவின் ‘நோ, நோ’வைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டாளாம். நான் தேடிப்போனபோது, “ரொம்ப நல்லவ தம்பி. அதான் தொலஞ்சு போயிட்டேன்” என்றாள் அக்கா.

அன்று மாலை ஹெட்போனை மாட்டிக் கண்டியைக் கேட்கவைத்தேன். கதிரையில் உட்கார்ந்து தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்லக் கழற்றினாள்.

“அங்க நான் எந்தப் பக்கம் திரும்புனாலும் மார்க்கெட் நின்ன எடத்துலயே நிக்கும். அத வச்சுத்தான் நான் எங்க நிக்கிறேன்னு எனக்குத் தெரியும். இதுல தலையத் திருப்புனா எல்லாம் கூடவே திரும்புது. இப்ப நான் எங்கடா நிக்கிறேன்?”

நான் ஹெட்போனை வாங்கி மேசையில் வைத்தேன்.

“என்னக் கொண்டுபோய் விட்டுரு.”

கொண்டுபோய் விட்டேன். கண்டி வீட்டில் கூடவே தங்கிய நாட்களில், இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். “புள்ளைங்கள அங்க விட்டுட்டு இங்க வந்து எனக்குக் கண்ணா இருக்கப் போறியாக்கும்” என்று வெட்டிவிட்டாள். அதற்குமேல் நானும் வற்புறுத்தவில்லை.

கிளம்பும் காலையில் ஏர்போர்ட்டுக்குப் போகும் வான் தெருமுனையில் காத்திருந்தது. அக்கா வாசற்படியில் நின்றாள். சொல்லிக்கொண்டு இறங்கினேன், கொஞ்ச தூரத்தில் கால் ஓடவில்லை. திரும்பி நின்று அவளைப் பார்த்தேன். என் சப்பாத்து பனிக்காகச் செய்தது, மெத்தென்ற அடி. நடந்தாலும் நின்றாலும் சத்தம் வராது. அவள் தலையைச் சாய்த்துக் காதை என் பக்கம் திருப்பினாள்.

“தம்பி, போயிட்டியா?”

“போயிட்டேன்க்கா.”