மிசஸ் ஆலன் வராத திருமணங்கள்

கடிதம் காலை இடைவேளையில் ஆசிரியர் அறைக்கு வந்தது. நீல நிற வான்கடிதம். ஸ்காட்லாந்திலிருந்து வந்திருந்தது, ஆனால் எனக்குப் பழகிய கையெழுத்தில் இல்லை. பிரிப்பதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிட்டது. மிசஸ் ஆலன் தூக்கத்திலேயே இறந்துவிட்டதாக அவருடைய தங்கை நான்கு வரிகளில் எழுதியிருந்தார். எனக்கென்று ஒரு சிறிய பெட்டியைக் கப்பலில் அனுப்பியிருப்பதாக ஐந்தாவது வரி. மணி அடித்தது. போய்ப் பாடம் நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

எங்கள் பள்ளியில் அவரிடம் புவியியல் படித்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பெருமழை நின்றதும் வகுப்பையே ரோச்சோர் கால்வாய்க் கரைக்கு ஓட்டிக்கொண்டு போய், சேறு எங்கே படிகிறது பாருங்கள் என்று காட்டுவார். ஒரு கேள்வியை விழுங்கிக்கொண்டு நிற்கும் பெண்ணைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. “தெரியாவிட்டால் கேள். கேட்க வெட்கமாக இருந்தால் இன்னும் சத்தமாகக் கேள்” என்பார்.

உங்களில் பலர் அவரைத் திருமணத்துக்கு அழைத்தீர்கள். அவர் வரவில்லை. மறுநாள் பரிசு மட்டும் வந்தது. வெள்ளைக்காரப் பெருமை என்று சிலர் சொன்னதை என் காதால் கேட்டேன். மறுத்துப் பேசாமல் இருந்தேன். அவர் இங்கே பார்த்தது ஒரே ஒரு தமிழ்த் திருமணம். ஐம்பதுகளின் நடுவில், சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த எங்கள் வீட்டில் நடந்த என் தங்கை லலிதாவின் திருமணம்.

அம்மாவும் அவரும் அதற்கு முன்பே சிநேகிதிகள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, அவருக்குத் தமிழ் அரைகுறை. கடைத்தெரு மலாயில் பேசிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நேரே எங்கள் அடுப்படிக்கு வருவார். என் அப்பாவும் அவருடைய கணவரும் ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள். அப்பா கூலிகளுக்குக் கணக்கெழுதும் கிராணியாக, அவருடைய கணவர் போர்க்கைதியாக. இருவரும் திரும்பவில்லை. அதைப் பற்றி அந்த இரண்டு பெண்களும் பேசி நான் கேட்டதில்லை. மீன் அரிவார்கள்.

திருமணத்துக்கு முந்திய ஞாயிறு, அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து என்னென்ன செய்யலாம், செய்யக் கூடாது என்று கேட்டுக் கேட்டு அழைப்பிதழின் பின்பக்கம் பென்சிலால் குறித்துக்கொண்டார். அம்மா பாதி மலாயிலும் மீதி கைச்சாடையிலும் சொன்னார். நான் வேறு வேலையாக இருந்தேன்.

திருமணத்தன்று காலை லலிதாவுக்கு நலங்கு. மணப்பெண்ணுக்கு மஞ்சளும் சந்தனமும் பூச ஐந்து சுமங்கலிகள் வேண்டும். ஜோகூரிலிருந்து வர வேண்டிய ஐந்தாவது பெண்மணியின் பஸ் இன்னும் வரவில்லை. ஈப்போவிலிருந்து வந்து காரியங்களை நடத்திக்கொண்டிருந்த பெரியம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“ஜோகூர்க்காரி வந்து சேர்றதுக்குள்ள பொண்ணுக்குப் பேரன் பொறந்துடுவான்லா!” என்றவர், அப்போதுதான் வந்து கூடத்துத் தூணோரம் நின்ற மிசஸ் ஆலனைப் பார்த்தார். புடவை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது.

“கொக்கு மாதிரி நின்னாலும் லட்சணமாத்தான் இருக்கா. ஏய் சரசு, அந்தம்மா கையில மோதிரம் இருக்கே. கட்டுக்கழுத்திதானே?”

வெள்ளைக்காரர்கள் கணவன் இறந்த பிறகும் மோதிரத்தைக் கழற்றுவதில்லை என்பது பெரியம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்குச் சடங்குகளில் நம்பிக்கை கிடையாது, அன்றும் கிடையாது. பெற்ற மகளின் நலங்குக்கு என் அம்மா முன்னால் வரக் கூடாதென்று பின்னறையில் மணைபோட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொரு மணை காலியாகக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த கோபம் எனக்குள் இருந்தது.

“ஆமாம் பெரியம்மா” என்றேன்.

பெரியம்மா கையசைத்துக் கூப்பிட்டார். மிசஸ் ஆலன் நகரவில்லை. கூடத்தின் அந்தப் பக்கத்திலிருந்து என்னையே பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிறார் என்று நினைத்துத் தலையசைத்தேன். வந்தார். சந்தனத்தை எடுத்து லலிதாவின் கன்னத்தில் பூசினார். அழுதுகொண்டே சிரித்தார். “பாரு, பெத்தவ மாதிரி அழுவுறா” என்று யாரோ கேலி செய்தார்கள். பின்னறைக் கதவை அம்மா மெல்லச் சாத்திக்கொண்டார்.

திருமணமான ஏழாம் மாதம் லலிதாவின் கணவர் விஷக்காய்ச்சலில் போய்விட்டார். துக்கத்துக்கு வந்த இடத்தில்தான், மிசஸ் ஆலன் விதவை என்று பெரியம்மாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் படியேறும்போது உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது.

“தாலியறுத்தவ, வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னாளா? சந்தனம் பூச வந்துட்டா, ஏமாத்துக்காரி! அவ கை பட்ட நேரம்...”

அவருக்கு அந்த அளவு தமிழ் புரியும். உள்ளே வந்தார், லலிதாவின் காலருகே சிறிது நேரம் உட்கார்ந்தார், எழுந்தார். தெருமுனை வரை அவரோடு நடந்தேன். காய்ச்சலுக்குக் கிருமி காரணம், கை காரணமில்லை என்று படித்தவள் பேசுவதையெல்லாம் பேசினேன்.

அவர் நின்று சொன்னார்: “அது எனக்கும் தெரியும், சரசு. ஆனால் அவர்கள் என்னை வீட்டுக்குள் அழைத்தார்கள். நான் ஏமாற்றிவிட்டேன் என்று நினைக்கிறார்கள். அதற்கு நான் என்ன செய்வேன்?”

திரும்பிப் போய்ப் பெரியம்மாவிடம், அவர் ஏமாற்றவில்லை, தெரிந்தே பொய் சொன்னவள் நான் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. வீட்டில் ஏற்கெனவே இவ்வளவு அழுகை இருக்கிறதே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பெரியம்மா அந்தச் சொல்லோடேயே செத்துப்போனார். மிசஸ் ஆலன் ஓய்வு பெற்றுக் கப்பலேறும் வரை, ஞாயிற்றுக்கிழமை மீனோடு வந்துகொண்டுதான் இருந்தார். திருமணங்களுக்கு மட்டும் போகவில்லை. உங்களில் ஒருத்தி தன் முகூர்த்த நேரத்தில், கோவிலுக்கு எதிரே கடை வரிசையின் முன்னால் கூரைபோட்ட ஐந்தடிப் பாதையில் அவர் குடையோடு நிற்பதைப் பார்த்ததாகச் சொன்னாள். மேளச் சத்தம் அடங்கியதும் போய்விட்டாராம். வேறு யாராவதாக இருக்கும் என்று அவளிடம் சொன்னேன்.

பெட்டி சென்ற வாரம் வந்தது. உள்ளே அழைப்பிதழ்கள். உங்களுடையவை எல்லாம், ஒன்று விடாமல், மூலையில் தடவிய மஞ்சளோடு, நாடாவால் கட்டப்பட்டு இருந்தன. அடியில் லலிதாவுடையது. பின்பக்கத்தில், ஆங்கிலத்தில், அந்தப் பென்சில் எழுத்து.

“செருப்பு வாசலில். வலது கை மட்டும். கறுப்பு வேண்டாம். விதவைகள் மணப்பெண்ணைத் தொடக் கூடாது, நானும்தான். பின்னறையில் சரசுவின் அம்மாவோடு உட்கார வேண்டும். எனக்கும் ஒரு மணை போட்டு வைப்பதாகச் சொல்கிறார்.”

அப்படியானால் எல்லாம் தெரிந்துதான் வந்திருந்தார். கூடத்தின் அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தபோது, நான் வரலாமா என்று கேட்டிருக்கிறார். சத்தமாகக் கேட்கச் சொன்னவர், தன் வாழ்நாளில் அந்த ஒன்றை மட்டும் சத்தமில்லாமல் கேட்டார். நான் தலையசைத்தேன். இந்த வீட்டார் தெரிந்தே தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நம்பித்தான் அந்தச் சந்தனத்தைத் தொட்டிருக்கிறார். அழுததும் அதற்குத்தான்.

உங்கள் அழைப்பிதழ்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. வேண்டுபவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். லலிதாவுடையதை மட்டும் தரமாட்டேன். அதையும், அவருக்கென்று அம்மா தன் பக்கத்தில் போட்டு வைத்து, அன்று காலியாகவே கிடந்த அந்த மணையையும் சேர்த்து, எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவ்வளவுதான்.