விரலைக் கேட்கும் துவக்கு

நான் ஒருநாளும் துவக்கைத் தொட்டதில்லை. அதனால்தான் அதைப் பற்றித் தயங்காமல் கதைக்க முடிகிறது.

இந்தக் குளிர் தேசத்தில், ஸ்டோவ்னர் புறநகருக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே இருந்தவர், நீளமான துவக்குப் பையை முழங்கால்களுக்கிடையில் நிறுத்தியிருந்தார். நரைத்த மீசை, துப்புரவு வேலைக்காரரின் நீலச் சட்டை. எல்க் மான் வேட்டைக்காகச் சுட்டுப் பழகிவிட்டு வருகிறாராம். பெருவிரலால் மற்ற விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“அண்ணை, சொந்தக்காரன்ரை விரலைப் பார்த்துச் சுடுற துவக்கு இப்ப வந்திட்டுது. கள்ளன் எடுத்தாலும் பயமில்லை,” என்று, ஏதோ நானே செய்து விற்பவன் போல அளந்தேன்.

அவர் கையை விரித்துக் காட்டினார். வருடக்கணக்காகக் கழுவு மருந்தில் ஊறிய விரல் நுனிகள் ரேகை அழிந்து வழவழவென்று இருந்தன. “பாஸ்போர்ட் எடுக்கப் போன இடத்திலையே மெஷினுக்கு என்னைத் தெரியேல்லை, தம்பி. காட்டுக்குள்ளை எப்பிடித் தெரியும்?”

“துவக்கு உங்களை அடையாளம் காண ரெண்டு செக்கன் பிந்தினா மான் கோவிக்குமோ?” சிரித்தது நான் மட்டும்தான்.

“போன வருசம் என்ரை முதல் வெடி வயித்திலை பட்டிட்டுது. இந்தச் சாதாரணத் துவக்குதான். கையுறை தடக்கி ரெண்டாவது வெடி பிந்தினது. மான் காட்டுக்குள்ளை ஓடிப் போட்டுது. இருட்டுமட்டும் நாயோடை தேடினம். அடுத்த நாள் மத்தியானம்தான் கண்டனாங்கள்.”

என் வாய் சும்மா இருக்காதே. “செத்துக் கிடந்ததோ?” என்று கேட்டேன்.

“இல்லை. உயிரோடை.”